ஏடிபி, ஐபிஎஸ், ஈஓஎஸ்: ஃபயர்வால் கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

ஒரு சிறிய பயிற்சி நிறுவனத்தில் நிர்வாகமும் கணக்கும் பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் 45 கணினிகள். நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மூன்று மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போய்விட்டார். அலுவலக நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியின் லைசென்ஸ் இன்னும் 18 நாளில் முடிகிறது. விற்பனையாளரின் கொட்டேஷனில் மூன்று திட்டங்கள் இருக்கின்றன. முதல் திட்டத்தில் ஐபிஎஸ், ஜிஏவி, சிஎஃப்எஸ், 8×5. இரண்டாவதில் இவற்றோடு ஏடிபி, டிபிஐ-எஸ்எஸ்எல், 24×7, என்பிடி. மூன்றாவதில் இன்னும் கூடுதலாக டிஎல்பி, எஸ்டி-வேன், ஹெச்ஏ. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் "ஈஓஎஸ் அறிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி.

"ஒவ்வொரு எழுத்தையும் இணையத்தில் தேடினேன், ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு அர்த்தம் வருகிறது. லைசென்ஸ் முடிந்த நிமிடமே இன்டர்நெட் நின்றுவிடும் என்று விற்பனையாளர் பயமுறுத்துகிறார். மூன்றாவது திட்டத்தில்தான் எழுத்துகள் அதிகம், ஆகவே பாதுகாப்பும் அதிகம் என்று தோன்றுகிறது. ஐந்து வருடமாக விடாமல் பணம் கட்டியிருக்கிறோம், அதனால் இதுவரை பாதுகாப்பாகத்தான் இருந்திருக்கிறோம் என்பது மட்டும் ஆறுதல். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில்கள் இப்போதும் பழைய ஊழியரின் சொந்த முகவரிக்கே போகின்றன. எதைத் தேர்ந்தெடுக்க?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் குழம்பியது நியாயம்தான். இந்தத் துறையிலேயே இருக்கும் நானும், கொட்டேஷனில் ஏடிபி என்று பார்த்தால் முதலில் "எந்த நிறுவனத்தின் பெட்டி?" என்றுதான் கேட்பேன். அது தெரியாமல் அந்த மூன்று எழுத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

சோனிக்வால் பெட்டிகளில் 'கேப்சர் ஏடிபி' என்று ஒரு சேவை உண்டு. சந்தேகத்துக்குரிய ஃபைலை அவர்களுடைய கிளவுடுக்கு அனுப்பி, மற்றவற்றோடு தொடர்பில்லாத ஓர் இடத்தில் ஓடவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர். ஃபோர்டிநெட்டில் ஏடிபி என்பது பல சேவைகளை ஒன்றாகக் கட்டி விற்கும் ஒரு தொகுப்பு. பாலோ ஆல்டோவில் அதே எழுத்துகள் 'அட்வான்ஸ்டு த்ரெட் பிரிவென்ஷன்' என்ற ஊடுருவல் தடுப்பு லைசென்ஸைக் குறிக்கும். எழுத்தை இடம் மாற்றி ஏபிடி என்று போட்டால், மாதக்கணக்கில் ஒளிந்திருந்து வேலை செய்யும் தாக்குதல்காரர்களைச் சொல்லும் சொல்லாகிவிடும். வாட்ச்கார்ட் தன் சாண்ட்பாக்ஸுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஏபிடி பிளாக்கர்'.

இது ஒன்று மட்டும் இல்லை. 'ரெட்' என்பது சோஃபோஸில் கிளை அலுவலகத்தில் வைக்கும் சிறு கருவி. வாட்ச்கார்டில் அது இணையதளங்களின் நற்பெயரைச் சரிபார்க்கும் சேவை. யுடிபி என்றால் ஃபோர்டிநெட் விற்பனையாளருக்கு லைசென்ஸ் தொகுப்பு, ஒயர் இழுக்க வருபவருக்கு நெட்வொர்க் கேபிள். ஆகவே நீங்கள் பார்த்த வேறு வேறு அர்த்தங்கள் எல்லாமே சரியாக இருந்திருக்கலாம். அவை உங்கள் பெட்டிக்கு உரியவைதானா என்பதுதான் கேள்வி.

உங்கள் கடிதத்தில் தயாரிப்பாளரின் பெயர் இல்லை. அதனால் நான் செய்யக்கூடியது, இந்த எழுத்துகளை வகை பிரித்துக் காட்டுவது. வகை தெரிந்துவிட்டால் விற்பனையாளரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துவிடும்.

மூன்று வகை எழுத்துகள்

முதல் வகை, தினமும் புதுத் தகவல் வந்துகொண்டே இருந்தால்தான் பயன்படும் சேவைகள். ஐபிஎஸ், உள்ளே வரும் இணையப் போக்குவரத்தில் தாக்குதலின் அடையாளம் தெரிந்தால் அங்கேயே வெட்டிவிடும். அதன் உடன்பிறப்பு ஐடிஎஸ், பார்த்துவிட்டு எச்சரிக்கை மட்டும் செய்யும், தடுக்காது. இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஐபிஎஸ் லைசென்ஸ் வாங்கிவிட்டு 'கண்டறி' என்ற நிலையில் மட்டும் விட்டுவைத்த பெட்டிகள் நிறைய உண்டு. ஜிஏவி என்பது ஃபயர்வாலிலேயே நடக்கும் வைரஸ் சோதனை. சிஎஃப்எஸ், இணையதளங்களை வகை பிரித்து, சூதாட்டம், மோசடி, நச்சு மென்பொருள் பரப்பும் தளம் என்று பார்த்துத் தடுப்பது. ஏடிபி-யின் சாண்ட்பாக்ஸும் இந்த வகைதான். நேற்று கண்டுபிடித்த தாக்குதலின் அடையாளம் இன்று பெட்டிக்கு வந்து சேர வேண்டும், அதற்குத்தான் ஆண்டுதோறும் பணம். இந்தச் செலவில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வகை, பெட்டிக்குள்ளேயே இருக்கும் திறன்கள். எஸ்டி-வேன், இரண்டு மூன்று இணைய இணைப்புகளுக்கு இடையே போக்குவரத்தைப் பங்கிட்டு அனுப்பும் ஏற்பாடு. ஹெச்ஏ என்பது ஒரு பெட்டி பழுதானால் இன்னொன்று உடனே வேலையை எடுத்துக்கொள்ளும் ஜோடி அமைப்பு. டிபிஐ-எஸ்எஸ்எல், பூட்டிய போக்குவரத்தைத் திறந்து சோதிப்பது. பல தயாரிப்புகளில் இவற்றுக்குத் தனி ஆண்டு லைசென்ஸே கிடையாது. ஃபோர்டிநெட்டிலும் சோனிக்வாலின் இன்றைய மாடல்களிலும் எஸ்டி-வேன் பெட்டியோடு வருவதுதான். உங்கள் மூன்றாவது திட்டத்தில் அதற்காகத் தனித் தொகை போட்டிருந்தால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். ஒருவேளை வந்து அமைத்துத் தருவதற்கான கூலியாக இருக்கலாம். அப்படியானால் அது கூலி என்றே கொட்டேஷனில் இருக்க வேண்டும். ஹெச்ஏ-வுக்கு இரண்டாவது பெட்டி தேவை. அதன் விலை கொட்டேஷனில் இல்லையென்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. அந்த இரண்டாவது பெட்டிக்கும் தனியாக லைசென்ஸ் வேண்டுமா, முதல் பெட்டியுடையதே போதுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூன்றாவது வகை, ஆதரவு ஒப்பந்தம். 8×5 என்றால் வேலை நாட்களில் வேலை நேரத்தில் மட்டும் உதவி, 24×7 என்றால் எந்நேரமும். என்பிடி என்பது 'நெக்ஸ்ட் பிசினஸ் டே', பழுதான பெட்டிக்கு மாற்றுப்பெட்டி அடுத்த வேலை நாளில் அனுப்பப்படும் என்ற உறுதி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் ஃபோன் செய்த நாளிலிருந்து கணக்கு ஆரம்பிக்காது. தயாரிப்பாளர் சோதித்து, 'ஆமாம், பெட்டி பழுதுதான்' என்று ஏற்றுக்கொண்டு ஆர்எம்ஏ எண், அதாவது பெட்டியைத் திருப்பி அனுப்ப அனுமதிக்கும் எண், கொடுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். அடுத்த நாள் அனுப்புவார்களா, அடுத்த நாள் உங்கள் கைக்கு வந்து சேருமா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றாவது வகையைத்தான் பலரும் வெறும் 'கஸ்டமர் கேர்' என்று நினைத்துக் கழித்துவிடப் பார்ப்பார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஃபயர்வாலின் சொந்த மென்பொருளான ஃபர்ம்வேரில் ஓட்டை வந்தால், அதை அடைக்கும் புதுப் பதிப்பு பல நிறுவனங்களில் இந்த ஒப்பந்தம் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர உதவுவது விபிஎன். ஃபோர்டிநெட்டின் விபிஎன் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு சிவிஇ-2018-13379 என்று எண். சிவிஇ என்பது உலகெங்கும் ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவு எண், நடுவில் இருப்பது ஆண்டு. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2019-லேயே வந்துவிட்டது. ஆனாலும் திருத்தாமல் கிடந்த பெட்டிகளிலிருந்து எடுத்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் 2021 செப்டம்பரில் வெளியாயின. ஏறத்தாழ 87,000 பெட்டிகள். அதற்குள் பெட்டியைத் திருத்தியிருந்தாலும், கடவுச்சொல்லை மாற்றாதவர்களுக்கு ஆபத்து அப்படியே இருந்தது. உங்கள் அலுவலகத்திலும் வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் மாறாமல் இருக்கிறதா? அவர்மேல் சந்தேகம் இருப்பதால் கேட்கவில்லை. ஒருவர் போனால் சாவி மாற்றுவது வழக்கமான வேலை. லைசென்ஸ் விஷயத்துக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.

டிஎல்பி மட்டும் இந்த மூன்றிலும் சரியாகப் பொருந்தாது. அலுவலகத்திலிருந்து ரகசியத் தகவல் வெளியே போகாமல் தடுப்பது அதன் வேலை. வங்கி அட்டை எண் போன்ற வடிவங்களைத் தேடிப் பார்க்கும். எது ரகசியம், யார் எதை அனுப்பலாம் என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விதி எழுதி, தவறான எச்சரிக்கைகளைத் தினமும் களைந்தால்தான் பயன் தரும். அப்படி ஒருவர் உங்களிடம் இப்போது இல்லை. இந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கட்டிய பணம் வேலை செய்கிறதா?

'ஐந்து வருடமாகக் கட்டியிருக்கிறோம், அதனால் பாதுகாப்பாக இருந்திருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆறுதலைத்தான் நான் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது.

லைசென்ஸ் என்பது ஓர் அனுமதி. அது வந்த பிறகு அந்தச் சேவையை இயக்க வேண்டும். இயக்கிய பிறகு, எந்தப் போக்குவரத்துக்கு அது பொருந்தும் என்று ஒவ்வொரு விதியிலும் சேர்க்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் நானே பார்த்தேன். இரண்டு வருடமாக வைரஸ் சோதனைக்குப் பணம் கட்டியிருந்தார்கள், லைசென்ஸ் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'செயலில் உள்ளது' என்று இருந்தது. ஆனால் ஊழியர்கள் இணையத்துக்குப் போகும் விதியில் அதைச் சேர்க்கவே இல்லை. ஒரு ஃபைலைக்கூட அது சோதித்ததில்லை. அங்கே இருந்தவர்களின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. இன்று இணையத்தில் போய்வருவதில் மிகப் பெரும்பகுதி ஹெச்டிடிபிஎஸ், அதாவது பூட்டிய உறையில் போகும் கடிதம் மாதிரி. ஃபயர்வாலுக்கு உறையின் மேலிருக்கும் முகவரி தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. டிபிஐ-எஸ்எஸ்எல் இயங்காவிட்டால் ஜிஏவி-யும் ஏடிபி-யும் அந்த உறைகளுக்குள் எதையும் பார்க்க முடியாது, ஐபிஎஸ்-ஸின் பார்வையும் பாதியாகிவிடும். சிஎஃப்எஸ் மட்டும் முகவரியை வைத்து ஓரளவு சமாளிக்கும். எஸ்எஸ்எல் என்பது பழைய பெயர், இப்போது புழக்கத்தில் இருப்பது டிஎல்எஸ். விற்பனைத் தாள்களில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 'ஐகார்' சோதனை ஃபைல் என்று தேடுங்கள். 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஃபைல் அது. வைரஸ் தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கியது, ஏறக்குறைய எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே நடத்தும். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஹெச்டிடிபிஎஸ் வழியாக இறக்கிப் பாருங்கள். ஃபயர்வாலின் தடைப்பக்கம் வந்தால், அல்லது ஃபயர்வால் பதிவில் 'தடுக்கப்பட்டது' என்று வரி விழுந்தால் நல்லது. கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ் பிடித்தால் அதை ஃபயர்வாலின் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சோதனையில் தோற்றால் உடனே டிபிஐ-எஸ்எஸ்எல்-ஐ இயக்கச் சொல்லிவிடாதீர்கள். முதலில் எல்லாக் கணினிகளிலும் ஃபயர்வாலின் சான்றிதழை (ஃபயர்வாலை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் டிஜிட்டல் அடையாளம்) நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தளத்திலும் எச்சரிக்கை வந்து அலுவலகமே அல்லாடும். சில செயலிகள் இந்தத் திறப்பை ஏற்காமல் நின்றுபோகும், அவற்றுக்கு விலக்கு கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உறையைத் திறப்பது என்பது ஊழியர்களின் போக்குவரத்தைப் படிப்பது. வங்கி, மருத்துவம் சார்ந்த தளங்களைத் திறக்காமல் விட வேண்டும். அலுவலகக் கணினிகளில் இப்படி ஒரு சோதனை நடக்கிறது என்று ஊழியர்களுக்கு எழுத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்வது சட்டச் சிக்கலாகவும் முடியலாம், நம்பிக்கையையும் கெடுக்கும். பயிற்சிக்கு வருபவர்களும் அதே வைஃபையைப் பயன்படுத்தினால் அவர்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வைப்பதுதான் முறை.

அப்புறம் வேகம். உறையைத் திறந்து மூடும் வேலை பெட்டிக்கு மிகப் பெரிய பாரம். விவரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் 'ஃபயர்வால் த்ரூபுட்' என்ற எண், அதாவது ஒரு நொடியில் பெட்டி கையாளும் தரவின் அளவு, எந்தச் சோதனையும் இல்லாமல் அளந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது 'த்ரெட் புரொடெக்ஷன்' த்ரூபுட்டும், எஸ்எஸ்எல் சோதனைக்கான எண்ணும்தான். அவை முதல் எண்ணில் ஒரு சிறு பங்காகக்கூட இருக்கும். உங்கள் இணைய இணைப்பின் வேகத்தைவிட அந்த எண் குறைவாக இருந்தால், ஐந்து வருடப் பழைய பெட்டியில் இரண்டாவது திட்டம் போட்டும் முழுப் பயன் கிடைக்காது.

லைசென்ஸ் முடிந்தால் என்ன நடக்கும்?

'நிமிடத்தில் நின்றுவிடும்' என்று விற்பனையாளர் சொன்னது எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது. பெரும்பாலானவற்றில் அடிப்படை ஃபயர்வால் விதிகளும் விபிஎன்-னும் தொடர்ந்து ஓடும். ஃபோர்டிநெட்டிலும் பாலோ ஆல்டோவிலும் பழைய தாக்குதல் அடையாளங்கள் அப்படியே இருக்கும், புதியவை வராது. நாளாக ஆகப் பார்வை மங்கும். ஆனால் இணையதள வடிகட்டி வேறு மாதிரி. ஃபோர்டிநெட் பெட்டியில் லைசென்ஸ் முடிந்ததும் தளம் எந்த வகை என்று கேட்டால் பதில் வராது. பதில் வராவிட்டாலும் அனுமதி என்று யாரும் அமைத்திருக்காவிட்டால், தளங்கள் தடைபடும். பார்ப்பவர்களுக்கு இன்டர்நெட்டே நின்றுபோன மாதிரி இருக்கும். விற்பனையாளர் சொல்வது ஒருவேளை இதுவாக இருக்கலாம். கிளவுட் வழியாக நிர்வகிக்கும் சில வகைகளில், சலுகைக் காலம் முடிந்த பிறகு பெட்டி உண்மையிலேயே போக்குவரத்தை நிறுத்திவிடும். ஆகவே 'எங்கள் மாடலில் எந்தச் சேவை, எந்த நாளில், எப்படி நிற்கும்?' என்று மெயிலில் கேளுங்கள்.

சில நாள் விட்டுப் புதுப்பித்தால் அந்த நாட்களுக்கான பணம் மிச்சம் என்று யாராவது சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் பழைய லைசென்ஸ் முடிந்த தேதியிலிருந்தே புதியதைக் கணக்கிடுவார்கள்.

அடியில் இருந்த அந்த வரி

முழுக் கொட்டேஷனிலும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 'ஈஓஎஸ் அறிவிக்கப்பட்டது' என்ற வரிதான். ஈஓஎஸ் என்பதை 'எண்ட் ஆஃப் சேல்' என்றும் விரிக்கலாம், 'எண்ட் ஆஃப் சப்போர்ட்' என்றும் விரிக்கலாம். முதலாவதாக இருந்தால் புதிதாக விற்க மாட்டார்கள், ஆனால் பொதுவாக இன்னும் சில வருடங்கள் திருத்தங்கள் வரும். இரண்டாவதாக இருந்தால், குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு எந்த ஓட்டைக்கும் திருத்தம் வராது. அதற்குமேல் எத்தனை எழுத்து வாங்கிச் சேர்த்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். உங்கள் மாடலின் பெயரையும் 'வாழ்நாள் அட்டவணை' என்பதையும் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் தேதிகள் கிடைக்கும். அந்தக் கடைசித் தேதியை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், விற்பனையாளரின் வாய்மொழியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தேதிக்கு மூன்று வருடத்துக்கு மேல் இருந்து, வேகக் கணக்கும் ஒத்துவந்தால், இரண்டாவது திட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஒன்றரை வருடம்தான் இருக்கிறது என்றால், முதல் திட்டத்தை 12 மாதத்துக்கு மட்டும் எடுத்து, அடுத்த வருடம் புதுப் பெட்டிக்குத் திட்டமிடுங்கள். லைசென்ஸின் தயாரிப்பு எண்ணில் அல்லது அதன் விவரத்தில் 12, 36, 60 என்று மாதக்கணக்கு இருக்கும். 36 மாதத் தள்ளுபடியைக் காட்டி, ஆதரவு முடியப்போகும் பெட்டிக்கு விற்பது நடக்கிறது. ஏற்கெனவே தேதி தாண்டிவிட்டது என்றால் எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டாமல், புதுப் பெட்டியோடு சேர்ந்து வரும் தொகுப்புக்கு விலை கேளுங்கள். மூன்றாவது திட்டம் எந்த நிலையிலும் உங்கள் அலுவலகத்துக்கு இப்போது வேண்டாம்.

எதை எடுத்தாலும் கொட்டேஷனை ஒரு தரம் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் முழுப்பெயர், அதன் தயாரிப்பு எண், தொடங்கும் முடியும் தேதிகள், இயக்கித் தருவது யார் வேலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்குபவர் கேட்க வேண்டிய சாதாரண விவரம்தான் இது, தயங்க ஒன்றுமில்லை. இயக்கிய பிறகு ஐகார் சோதனையை உங்கள் முன்னால் செய்துகாட்டிய பின்பே முழுத் தொகை என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

பெட்டி யார் பெயரில்?

புதுப்பித்தல் மெயில்கள் பழைய ஊழியரின் முகவரிக்குப் போகின்றன என்றால், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் பெட்டி பெரும்பாலும் அவர் கணக்கில்தான் பதிவாகியிருக்கும். சில இடங்களில் விற்பனையாளரின் கணக்கிலேயே பதிவாகியிருப்பதும் உண்டு. வாங்கிய லைசென்ஸ் அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும், மாற்றுப்பெட்டி கேட்டாலும் அந்தக் கணக்கு வழியாகத்தான் கேட்க வேண்டும். பணம் கட்டுவது நீங்கள், அதனால் பதிவும் நிறுவனத்தின் பெயரில், ஒரு தனி ஆளுடையதாக இல்லாத பொது மெயில் முகவரியில் இருக்க வேண்டும். பழைய ஊழியர் ஒத்துழைத்தால் அவரே தன் கணக்கிலிருந்து மாற்றிக்கொடுக்கலாம், பொதுவாக அது சில நிமிட வேலை. அவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் பெட்டியின் வரிசை எண், வாங்கிய பில், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் ஆகியவற்றோடு தயாரிப்பாளரின் ஆதரவுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அவர்கள் சரிபார்த்து மாற்றித் தர நாளாகும். உங்கள் கையில் இருக்கும் 18 நாளில் மற்ற எல்லாவற்றையும் கடைசி வாரத்தில்கூட முடித்துவிடலாம், இதை முடியாது. அந்த வரிசை எண் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், இன்றே குறித்துக்கொண்டு மெயிலை அனுப்பிவிடுங்கள்.